அழகிரியின் ஆறு சக்கரத் தொட்டி

அழகிரி அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கிள்ளான் ஆற்றை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகளை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அமைதியாகப் பேப்பர் படிக்க வேண்டும். அந்த அமைதியை ஒன்றரை வருடம் கெடுத்தவர் என்ற முறையில்தான் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

துறைமுகக் கிடங்கில் சுமை தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டியே காலத்தைக் கழித்தவர். குள்ளமான, இறுகிய உடம்பு. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். யாராவது யோசனை சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், பிறகு தான் நினைத்ததைத்தான் செய்வார். வீட்டில் அவரும் அவருடைய மனைவி குமுதா அக்காவும் மட்டும். மகள் ஷாமினி கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள்.

குமுதா அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கிள்ளான் டவுனில் ஒரு கடை வரிசையின் மாடியில் அந்த நிலையம் இருக்கிறது. போனால் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். அண்ணன் காரில் கொண்டுபோய் விட்டு, கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டி வருவார். ஒரு தடவை தவறினால் உடம்பு கனக்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும்.

இருபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அக்காவுக்கு இரண்டு தடவை தவறியது. எங்கள் தாமானில் கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, எல்லோரும் மாடியில் கிடந்தோம். வந்த படகுகளெல்லாம் ஏற்கனவே நிரம்பித்தான் வந்தன. குமுதா அக்காவுக்கு வீட்டுக்குள்ளும் தண்ணீர், உடம்புக்குள்ளும் தண்ணீர். படுத்தால் மூச்சு விட முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் தெருப் பையன்கள் கெட்டுப்போன ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டியைக் கதவைக் கழற்றிவிட்டு மிதக்கவிட்டு, அதில் அவரைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பெட்டியின் முதுகிலிருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி அது கவிழ்ந்தது. சாக்கடையும் ஆறும் கலந்த அந்தத் தண்ணீருக்குள் அக்கா முழுசாகப் போய்விட்டார். தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினார்கள்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"இன்னொரு வாட்டி வெள்ளம் வந்தா நான் மாடியிலேயே கெடக்கிறேன். தண்ணி உள்ள வர்ற எதுலயும் என்னை ஏத்தாதீங்க. ஒரு சொட்டு வந்தாலும் ஏற மாட்டேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணனுக்குத் தெரியும். அடுத்த வெள்ளத்தில் மாடியிலேயே கிடந்தால் பிழைக்க முடியாது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வெள்ளம் பார்த்த தாமானில் வீடு பார்க்கக்கூட ஆள் வருவதில்லை. ஜொகூருக்கு வரச் சொன்னாள் மகள். குமுதா அக்கா, ஊசி குத்தத் தெரிந்த தாதியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அவருடைய இடது கையில் நரம்பு தேடுவது ஒரு கலை, அது எல்லோருக்கும் வராது.

இப்படித்தான் அண்ணன் வாங்கிய அந்த வண்டி வந்து சேர்ந்தது. டெங்கில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், நிலம் அளக்க வந்த கம்பெனி ஒன்று விட்டுப்போனது. பச்சைப் பிளாஸ்டிக்கில் பெரிய தொட்டி, பக்கத்துக்கு மூன்றாக ஆறு பருத்த டயர்கள், முன்னால் இரண்டு பேர் உட்கார ஓர் இருக்கை, பின்னால் ஒன்று, நடுவில் தண்ணீர் புகாத தடுப்புக்குள் இயந்திரம். சேற்றில் போகும், தண்ணீரில் மிதந்தும் போகும். மிதக்கும்போது டயர்களே துடுப்பு. சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. வெள்ளத்தில் சாலையே இருக்காது என்பது அண்ணனின் வாதம். லோரியிலிருந்து அதை இறக்கிய அன்று தெருவே கூடிச் சிரித்தது. "குளிக்கிற தொட்டிக்கு டயர் போட்டிருக்காரு," என்றார்கள். நானும் சிரித்தேன்.

முதல் வெள்ளோட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டெங்கிலில் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை ஒன்று உண்டு, தண்ணீர் கண்ணாடிபோல நிற்கும். வண்டி கரையிலிருந்து கம்பீரமாக இறங்கி, மிதந்து, பாதிக் குட்டை போனதும் என் செருப்பு மிதக்க ஆரம்பித்தது.

"எது வழியா வருது அண்ணே?" என்றேன்.

"எல்லாத்து வழியாவும் வருது லா. மைலோ டின் இருக்கு பாரு, மொண்டு ஊத்து."

அவர் ஓட்ட, நான் மொண்டு ஊற்ற, ஒரு வழியாகக் கரை சேர்ந்தோம். அன்றைக்கே அந்தச் சனியனைத் தலைமுழுகியிருக்க வேண்டும். அவர் செய்யவில்லை.

அடுத்த நாலைந்து மாதம் சிலிக்கான் மாதம். உடம்பில் எங்கே வலித்தாலும் தைலம் தேய்க்கிறவர்களைப்போல, தொட்டியில் கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கான் பிசினைப் பூசினார். ஞாயிறு தோறும் சுரண்டும் சத்தம், கம்ப்ரஸர் சத்தம், பிறகு குட்டைக்குப் பயணம், பிறகு நனைந்த கால்சட்டையோடு திரும்பி வருவது. அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பிசினும் ஒட்டாது என்று புரிவதற்குள் என் காதுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு மூன்று தடவை கத்தியும் பார்த்தேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "சாரி பரம்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுரண்டுவார்.

வழி சொன்னது குமுதா அக்காதான். ஒருநாள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அலுத்துப்போய்ப் பேசினார்.

"ஏங்க, எங்க ஓட்டைன்னு தெரியாமலே பூசிக்கிட்டு இருக்கீங்களே. தொட்டிக்கு உள்ள தண்ணிய ஊத்துங்க. எங்க வெளிய வருதோ அங்க பாருங்க."

"ஊத்திப் பாத்தாச்சு. அடியெல்லாம் ஈரமாயிருது. எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல."

"மஞ்சள் கலந்து ஊத்துங்க. வெளிய சுண்ணாம்பு தடவுங்க."

ஆரத்தித் தட்டு கலக்கிய எவருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்து, கல் அடுக்கி வண்டியை உயர்த்தி வைத்து, தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையடித்துக் காயவிட்டார். உள்ளே வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர். நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், அன்று எப்படியும் பேப்பர் படிக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் நடுச்சக்கரத்தின் அச்சு வெளியே வரும் இடத்தில் குங்குமம் வைத்ததுபோல ஒரு பொட்டு வந்தது. பிறகு வலப்பக்கம் இரண்டு. அப்புறம் வயிற்றுப் பகுதியில் முடிபோல ஒரு நீண்ட கோடு. அது பழைய விரிசல், யாரோ மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

அச்சுகளைக் கழற்றினால் உள்ளிருந்த ரப்பர் சீல்கள் வறட்டி மாதிரி நொறுங்கின. கிரீஸ் காய்ந்து கல்லாகியிருந்தது. கிள்ளானில் பேரிங் விற்கும் சீனர் கடையில் பழைய சீலின் அளவைக் கொடுத்துப் புதியது வாங்கினார். ஆறு அச்சுகளுக்கும் மாற்றி, புதுக் கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை பம்ப் அடித்தார். விரிசலுக்குப் பிசின் வேண்டாமென்று, அதே ஜாதிப் பிளாஸ்டிக்கைக் கம்பிபோல வெட்டி, சூடு வைத்து உருக்கி ஒட்டினார். பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் எனக்கு இரண்டு நாள் தலைவலி.

அதன் பிறகு குமுதா அக்காவின் பரீட்சை தொடங்கியது. வண்டியின் தரையில் பழைய பேப்பரை விரித்துக் கொடுத்தனுப்புவார். குட்டையில் ஒரு சுற்றுப் போய்விட்டு அண்ணன் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். முதல் சில தடவை பேப்பர் கூழாக வந்தது. பிறகு ஓரம் மட்டும் ஈரம். அக்கா விரலால் தடவிப் பார்த்து, "இங்க நனைஞ்சிருக்கு," என்பார். அண்ணன் மறுபடியும் ஸ்பேனரை எடுப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இத்தனை பாடுபடுகிற மனிதனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அந்தத் தண்ணிக்குள்ள போனது நீ இல்ல பரம்," என்றார் அக்கா.



போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பேப்பர் மொடமொடவென்று காய்ந்தபடியே திரும்பி வந்தது. அக்கா நான்கு மூலையையும் தடவினார், முகர்ந்தும் பார்த்தார். "பாக்கலாம்," என்றார். ஏறி உட்காரச் சொல்லிக் கூப்பிட்டபோது சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தார், அதுவே பெரிய விஷயம்.

ஆயுத பூஜையன்று வண்டியைக் குழாய் வைத்துக் கழுவினார். தொட்டிக்குள் விழும் தண்ணீர் வடிய, பின்னிருக்கையின் காலடியில் ஒரு துவாரம் உண்டு. உள்ளேயிருந்து திருகி மூடும் பித்தளை பிளக் ஒன்று அதற்கு. கட்டைவிரல் பருமன் இருக்கும். அதைக் கழற்றிச் சேற்றை வடியவிட்டு, பளபளவென்று தேய்த்து, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ் பம்ப் வரிசையோடு சாமிக்கு முன்னால் வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பிளக்குக்குச் சந்தனம் தாராளமாகவே விழுந்தது. ஆறு சக்கரத்துக்கும் ஆறு எலுமிச்சம்பழம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம். அப்படியே விட்டுவிட்டுப் பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டுப் படுத்தோம்.

இரவு முழுக்க மழை. விடியும்போது கடலில் பெரிய ஏற்றம், ஆற்றுத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் எங்கள் தெருவுக்குத் திரும்பியது. காலை எட்டு மணிக்கு முழங்கால், ஒன்பதுக்கு இடுப்பு. அன்று குமுதா அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். முந்தின தடவை பூஜை வேலை என்று டயாலிசிஸை ஒரு மணி நேரம் முன்னதாகவே நிறுத்தி எழுந்து வந்திருந்தார். கால் ஏற்கனவே வீங்கியிருந்தது.

தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே அண்ணன் சாமி அறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மறுபூஜைக்குக் காத்திராமல் பிளக்கை எடுத்தார். காய்ந்த சந்தனத்தைச் சட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்து, பின்னிருக்கையின் கீழ் குனிந்து திருகினார். இறுக்கமாகத்தான் போனது. இறுகிவிட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

வண்டி வாசலில் மிதந்தது. அக்கா வாசலை ஒட்டிய மாடிப்படியில் தண்ணீர் தொடாத படியில் நின்று, கையில் டயாலிசிஸ் பையோடு, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தப் பையில் ஒரு தடித்த கம்பளி இருக்கும். அந்த நிலையத்தில் ஏர்கோன் குளிர் எலும்பு வரை போகும். தரை காய்ந்திருந்தது. அண்ணன் கையை நீட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பின்னால் உட்கார்ந்தார்.

நான் முன்னிருக்கையில், கையில் ஒரு நீளக் கம்போடு. மூழ்கிக் கிடக்கும் கார்களில் மோதாமல் தள்ளிவிடுவது என் வேலை. ஆறு டயரும் சுழன்று தண்ணீரை அளைய, வண்டி நடக்கிற வேகத்தில்தான் போனது. வீட்டு மாடிகளில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சிரித்தவர்கள்தான் தட்டினார்கள்.

தாமானைத் தாண்டுவதற்குள் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"குமுதா, தரை எப்படி இருக்கு?"

"காஞ்சிருக்கு. முன்னாடி பாத்து ஓட்டுங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் திரும்பினார். இந்தத் தடவை அக்கா அதட்டினார்.

"கார் நிக்குது பாருங்க அங்க. திரும்பித் திரும்பி என்னையே பாத்தா எப்படி? பரம், அவர முன்னாடி பாக்கச் சொல்லு."

நான் சொன்னேன். அக்காவுக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வண்டி பின்பக்கமாகக் கனப்பதுபோல் தெரிந்தது. எதிர்நீரோட்டம் என்று அண்ணன் சொன்னார். பெட்ரோல் நிலையம் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிப் போய், டவுனுக்கு ஏறும் மேட்டில் முன்சக்கரம் தரையைத் தொட எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த முக்கால் மணி நேரமும் பின்னாலிருந்து அக்கா எதையாவது பேசிக்கொண்டே வந்தார். சுண்டலில் உப்பு குறைவு என்றார். ஷாமினிக்குப் போன் போட வேண்டும் என்றார்.

மேட்டில் ஏறி நின்றதும் அண்ணன் இறங்கிப் பின்பக்கம் வந்தார். அப்போதுதான் பார்த்தோம். தொட்டிக்குள் தண்ணீர் அக்காவின் முழங்காலுக்குக் கீழே வரை தளும்பி நின்றது. அவர் டயாலிசிஸ் கையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்தி இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தார், அது நனையவில்லை. வலது குதிகால் தண்ணீருக்கு அடியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. அண்ணன் குனிந்து துழாவி, அந்தக் கம்பளியை இழுத்தார். துவாரத்துக்குள் திணித்திருந்தார் அக்கா. பிளக் ஒரு மூலையில் உருண்டு கிடந்தது. அதன் மரைக்குள் சந்தனம் இறுகிப்போய், கோணலாகத் திருகியதை இறுக்கம் என்று நம்பியிருக்கிறோம். வண்டி குலுங்கக் குலுங்கக் கழன்றுவிட்டது.

அண்ணன் பிளக்கைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அவரைத் தூக்கிக்கொண்டு கடை வரிசைக்கு நடந்தார், மாடிப்படி ஏறினார். நான் பையையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

நிலையத்தில் தாதி உலர்ந்த துணி கொடுத்து, எடை பார்த்து, படுக்கவைத்து, இடது கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றினாள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அக்காவின் பாதங்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன, குதிகாலில் துவாரத்தின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கம்பளி இல்லாததால் உடம்பு நடுங்கியது. அண்ணன் கட்டிலின் கால்பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டால் அந்தப் பாதங்களைத் துடைத்துத் துடைத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"என்ன இது, எல்லாரும் பாக்கிறாங்க," என்றார் அக்கா.

"பாக்கட்டும். எப்பலேர்ந்து வந்துச்சு?"

"நம்ம தெரு முனையிலேர்ந்து."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல. வீடு பக்கத்துலதான இருந்துச்சு."

"சொன்னா திருப்பியிருப்பீங்க," என்றார் அக்கா. "திரும்பிப் போயிருந்தா நான் மறுபடியும் ஏறியிருக்க மாட்டேங்க. எனக்குத் தெரியும்."

அண்ணன் துண்டை அவர் பாதங்களைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து அதன்மேல் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கம்பளியைப் பிழிந்து காயப்போடுகிற சாக்கில் நான் வெளியே போய்விட்டேன்.